எடைக்குப் போகவிருந்த கம்ப்யூட்டர்... சர்வர் ஆன கதை!

கீரமங்கலம் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று சுற்றுப்பட்டு ஊர்களின் நல்ல நாட்களையெல்லாம் இருபது வருடங்களாகப் படம் பிடித்து வைத்திருக்கும் கடை. மேஜைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடக்கிறது. எட்டு ஜி.பி. ராம். ஒரு காலத்தில் கல்யாண ஆல்பங்கள் எல்லாம் அதில்தான் டிசைன் ஆயின.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ அந்தப் பழைய பெட்டி ஏற்கவில்லை. கடைக்காரர் புது கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். பழையது எடைக்குப் போகக் காத்திருந்தது.

கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டாள்.

"போடாதீங்க சித்தப்பா. நல்ல மெஷினு. லினக்ஸ் போட்டு இதையே ஒரு சர்வர் ஆக்கிடலாம். ஒரே கம்ப்யூட்டர்லயே க்ளஸ்டர் அமைக்கலாம்."

"க்ளஸ்டர்னா கூட்டம்தானே? ஒத்த ஆளு எப்படித் தாயி கூட்டமாகும்?"

சித்தப்பா கேட்டது சரியான கேள்வி. கம்ப்யூட்டர் படித்தவர்களே தடுமாறும் இடம் அது. அதற்குப் பதில் தெரிந்துகொண்டால், வீட்டிலோ கடையிலோ பள்ளியிலோ சும்மா கிடக்கும் ஒரு கம்ப்யூட்டரிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெளிந்துவிடும்.

கூட்டம் எதற்கு?

பல கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைத்து, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கம்ப்யூட்டர் போல வேலை வாங்குவதுதான் க்ளஸ்டர். 1994-ல் அமெரிக்காவின் நாசா காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் கடையில் கிடைக்கும் சாதாரண கம்ப்யூட்டர்கள் 16-ஐ இணைத்து, லினக்ஸ் போட்டு ஒரு க்ளஸ்டர் செய்தார்கள். அதற்குப் 'பேவுல்ஃப்' என்று பெயர். கோடிகள் கொட்டி சூப்பர் கம்ப்யூட்டர் வாங்க முடியாத ஆய்வுக்கூடங்களுக்கு அது ஒரு வழியைத் திறந்துவிட்டது.

அந்த வழியில் தமிழ்நாடும் நடந்திருக்கிறது. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் 144 கம்ப்யூட்டர்களை இணைத்து ஒரு லினக்ஸ் க்ளஸ்டரை அமைத்தார்கள். இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரால் அதற்கு 'கப்ரு' என்று பெயர் வைத்தார்கள். 2004-ல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் அதுவும் இடம்பிடித்தது.

அவையெல்லாம் பெரிய கணக்குகளைப் போடப் பிறந்த கூட்டங்கள். இன்று க்ளஸ்டருக்கு இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது. சேவை நிற்கக் கூடாது என்பதே அது. ரயில் டிக்கெட் எடுக்கும்போதும், பணம் அனுப்பும்போதும் பின்னால் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் விழுந்துகொண்டுதான் இருக்கும். அதன் வேலையைப் பக்கத்தில் இருப்பது உடனே எடுத்துக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத மாவட்டம் இது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள்தான் இங்கே விவசாயத்தைத் தாங்கின. ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படிச் சங்கிலியாகக் கோத்த கண்மாய்கள் ஒரு க்ளஸ்டர்.

"அப்ப ஒத்தைக் கண்மாய்?" என்பதுதான் சித்தப்பாவின் கேள்வி.

ஒற்றைக் கண்மாய்க்கும் மடை உண்டு, கலுங்கு உண்டு, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சும் ஆள் உண்டு. நிர்வாகம் முழுமையாக இருக்கிறது. இன்னொரு கண்மாய் மட்டும்தான் இல்லை. ஒற்றை சர்வர் க்ளஸ்டரும் அப்படித்தான். பெரிய கூட்டத்தை நடத்தும் நிர்வாக ஏற்பாடுகள் அத்தனையும் ஒரே கம்ப்யூட்டருக்குள் இருக்கும். ஆனால் கரை உடைந்தால், தாங்கிக்கொள்ள அடுத்த கண்மாய் கிடையாது.

இந்தக் கடைசி வரியை மறந்தவர்கள்தான் பிறகு தலையில் கை வைக்கிறார்கள்.

உள்ளே யார் யார்?

நிறுவுவதற்கு முன் மூன்று பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, கன்டெய்னர். ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான துணைப் பொருட்களையும் ஒரே பெட்டியில் அடைத்துத் தருவது. துறைமுகத்தில் பார்க்கும் கன்டெய்னர் போலத்தான். உள்ளே என்ன இருந்தாலும், பெட்டியை எந்த லாரியிலும் ஏற்றலாம். 2013-ல் வந்த 'டாக்கர்' இந்த முறையை எல்லோருக்கும் பழக்கியது.

இரண்டாவது, குபர்நெட்டீஸ். பெட்டிகள் ஒன்றிரண்டு என்றால் ஆளே பார்த்துக்கொள்ளலாம். நூறு, ஆயிரம் என்றால் மேய்க்க ஒரு மேஸ்திரி வேண்டும். அந்த மேஸ்திரியை 2014-ல் கூகுள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். அதன் சின்னமும் கப்பல் சக்கரம்தான்.

இந்த மேஸ்திரியிடம் 'இதைச் செய், அதைச் செய்' என்று படிப்படியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'இந்தச் செயலி எப்போதும் ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால் போதும். அது நின்றுபோனால் மேஸ்திரியே பார்த்து மறுபடி எழுப்பிவிடுவார். ராத்திரி இரண்டு மணியானாலும் சரி.

மூன்றாவது, கே3எஸ். குபர்நெட்டீஸ் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து. முதல் எழுத்து 'கே', கடைசி 'எஸ்', நடுவில் எட்டு. அதனால் 'கே8எஸ்' என்று சுருக்கினார்கள். அதில் பாதி எடையில் ஒன்று செய்ய வேண்டும் என்று 2019-ல் ராஞ்சர் லேப்ஸ் நிறுவனம் இறங்கியது. பத்தில் பாதி ஐந்து எழுத்து. எனவே 'கே3எஸ்'. முழு மேஸ்திரியும் 100 எம்.பி-க்கும் குறைவான ஒரே கோப்பில் அடங்கிவிடுகிறார். சின்ன கம்ப்யூட்டருக்கு ஏற்ற ஆள்!

இரண்டு கோர் பிராசஸர், 2 ஜி.பி. ராம் இருந்தால் கே3எஸ் எழுந்து நிற்கும். ஆனால் அதன்மேல் போடும் செயலிகளுக்கும் இடம் வேண்டும். 4 ஜி.பி. இருந்தால் பழகலாம். 8 ஜி.பி. இருந்தால் நிம்மதி. 2011-ல் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் அதில் இருந்தது. பரணில் கிடக்கும் அந்த மடிக்கணினிகளில் ராம் குறைவானவற்றை லினக்ஸ் கட்டளைகள் பழக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டியைத் தயார் செய்தல்

அண்ணன் மகள் முதலில் செய்தது லினக்ஸ் நிறுவுவது அல்ல. ஹார்ட் டிஸ்கில் மிச்சமிருந்த படங்களை இரண்டு இடங்களில் நகல் எடுத்தாள். லினக்ஸ் நிறுவும்போது டிஸ்க் முழுவதும் அழிந்துவிடும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது இங்கே செல்லாது.

அடுத்து, பழைய ஹார்ட் டிஸ்கின் ஆரோக்கியத்தைச் சோதித்தாள். தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' வசதி பெரும்பாலான டிஸ்குகளில் உண்டு. கெட்டுப்போன பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கை நம்பக் கூடாது. அதை மாற்றிவிட்டு ஓர் எஸ்.எஸ்.டி. போட்டாள். க்ளஸ்டர் தன் கணக்குப் புத்தகத்தை ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும் என்பதால், வேகமான டிஸ்க் இருப்பது நல்லது.

லினக்ஸில் வகைகள் பல. சர்வர் வேலைக்கு டெபியன், உபுண்டு சர்வர் இரண்டும் பெயர் பெற்றவை. இரண்டும் இலவசம். உபுண்டுவில் 'எல்.டி.எஸ்.' என்ற பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும். அதற்கு ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அந்தக் கோப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி, ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டும். திரையில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் நான்கு விஷயங்களில் அவசரப்படக் கூடாது.

ஒன்று, கம்ப்யூட்டரின் பெயர். க்ளஸ்டர் அந்தப் பெயரை வைத்துத்தான் கம்ப்யூட்டரை அடையாளம் காணும். பிறகு பெயரை மாற்றினால் 'இது வேறு ஆள்' என்று நினைத்துக்கொள்ளும். முதலிலேயே நல்ல பெயராக வைத்துவிட வேண்டும்.

இரண்டு, முகவரி. வீட்டு மோடம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஐ.பி. எண் கொடுக்கலாம். 'இந்தக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் இந்த எண்தான்' என்று மோடத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். வைஃபையைவிட கேபிள் இணைப்பு நல்லது.

மூன்று, ரிமோட் வசதி. 'எஸ்.எஸ்.ஹெச்.' என்பதை நிறுவும்போதே தேர்வு செய்துவிட்டால், பிறகு சர்வருக்குத் திரையும் கீபோர்டும் தேவைப்படாது. வேறு கம்ப்யூட்டரிலிருந்தே அதைக் கையாளலாம்.

நான்கு, கரன்ட். நம் ஊரில் பலர் தவறவிடுவது இதைத்தான். கரன்ட் போய் வந்தால் பெரும்பாலான டெஸ்க்டாப்புகள் தானாக ஆன் ஆகாது. யாராவது பட்டனை அழுத்த வேண்டும். 'பயாஸ்' அமைப்புக்குள் போய், மின்சாரம் திரும்பியதும் தானே இயங்க வேண்டும் என்ற தேர்வை மாற்றிவைக்க வேண்டும். ஒரு யு.பி.எஸ்-ஸும் அவசியம்.

"கரன்ட் பில்லு எகிறிடாதே?" என்று கேட்டார் சித்தப்பா. சும்மா ஓடும்போது 40 வாட் இழுக்கிறது என்று கொண்டால், நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 1 யூனிட். இரண்டு மாத பில்லில் 60 யூனிட் கூடும். அது கட்டுப்படியாகுமா என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

ஒற்றை வரியில் க்ளஸ்டர்

இவ்வளவு ஏற்பாடு செய்த பிறகு, கே3எஸ் நிறுவுவது ஒற்றை வரி வேலை. அதன் அதிகாரபூர்வத் தளத்தில் கொடுத்திருக்கும் அந்த ஒரு வரிக் கட்டளையை இட்டால், தேவையானதை அதுவே இறக்கி, நிறுவி, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் தானும் எழுந்துகொள்ளும்படி பதிவு செய்துவிடும். அந்தக் கட்டளை முழு நிர்வாக உரிமையோடு ஓடும். அதனால் எங்கோ பார்த்த வரியை ஒட்டாமல், அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

ஒரு நிமிடம் போல ஆனதும், க்ளஸ்டரோடு பேச உதவும் 'கியூப்கன்ட்ரோல்' என்ற கருவியிடம் 'கெட் நோட்ஸ்' என்று கேட்டாள். திரையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரின் பெயர் வந்தது. பக்கத்தில் 'ரெடி' என்ற சொல்.

"அவ்வளவுதானா?" என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஒரு சின்ன அலுவலகமே நடக்கிறது. 'கோர்டிஎன்எஸ்' என்பது யார் எங்கே இருக்கிறார்கள் என்று முகவரி சொல்பவர். 'ட்ராஃபிக்' என்பது வெளியிலிருந்து வருபவரை உரிய செயலிக்கு அனுப்பும் வாசல்காரர். 'லோக்கல் பாத்' என்பது செயலிகளுக்கு டிஸ்கில் இடம் ஒதுக்குபவர். கணக்குப் புத்தகம் 'எஸ்க்யூலைட்' என்ற எளிய தரவுத்தளத்தில் இருக்கிறது.

கல்லூரியில் 'குபெட்எம்' என்ற வழியில் முழு குபர்நெட்டீஸை நிறுவிப் பழகும் மாணவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே நிர்வாகம் செய்யும் கம்ப்யூட்டரில் சாதாரண வேலை எதையும் ஏற்றக் கூடாது என்று ஒரு தடை இயல்பாகவே இருக்கும். ஒரே கம்ப்யூட்டர் என்றால் செயலிகள் எல்லாம் 'பெண்டிங்' என்று வாசலிலேயே நிற்கும். அந்தத் தடையைக் கையால் எடுத்துவிட வேண்டும். கே3எஸ்-ஸில் இந்தச் சிக்கல் இல்லை. முதலாளியே கல்லாவிலும் உட்கார்ந்து, பார்சலும் கட்டும் சின்னக் கடை அது.

அடுத்து, 'நெக்ஸ்ட்கிளவுட்' என்ற இலவசச் செயலியை ஏற்றினாள். நம் சொந்த கம்ப்யூட்டரிலேயே படங்களையும் கோப்புகளையும் வைத்து, போனிலிருந்து பார்க்க உதவுவது அது. எது ஓட வேண்டும், எவ்வளவு இடம் வேண்டும் என்பதை 'யாமல்' என்ற முறையில் ஒரு கோப்பாக எழுதிக் கொடுத்தாள். யாமலில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. ஸ்பேஸ் பட்டனுக்குப் பதில் டேப் பட்டனைத் தட்டினால் ஏற்காது. புதியவர்களின் பாதி நேரம் இங்கேதான் போகும். பொறுமை வேண்டும்.

மாலைக்குள் கடையின் வைஃபையில் இருக்கும் போனில், பழைய கல்யாணப் படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

'ரெடி' வேறு, 'பத்திரம்' வேறு

சித்தப்பாவுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் முகத்தில் ஏதோ யோசனை.

2018 நவம்பர் 16. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. பிள்ளைபோல வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. செல்போன் கோபுரங்கள் ஊமையாகின.

அந்தச் சமயத்தில் கடையின் ஹார்ட் டிஸ்க் ஒன்று போய்விட்டது. ஜெனரேட்டர் வைத்துக் கடையைத் திறந்த சில நாட்களில் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். ஓடு பறந்து, மழையில் வீட்டிலிருந்த படங்கள் எல்லாம் ஊறிப் போயிருந்தன. இறந்துபோன மனைவியின் முகம் நல்லாத் தெரியும் படம் ஒன்று, மகன் கல்யாணத்தில் எடுத்ததாம். "உங்ககிட்ட இருக்குமே தம்பி" என்றார். அந்தக் கல்யாணம் இருந்தது போன டிஸ்கில்.

"இல்லைங்க ஐயா" என்று சொன்ன அந்த ஒரு வார்த்தை இன்னும் தொண்டையில் நிற்கிறது சித்தப்பாவுக்கு.

"இப்ப நீ கட்டியிருக்கியே க்ளஸ்டர்... இது இருந்தா அன்னைக்கு அந்தப் படம் தப்பிச்சிருக்குமா தாயி?"

அவள் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. சோதித்துக் காட்டினாள்.

முதல் சோதனை. ஓடிக்கொண்டிருந்த செயலியின் பெட்டியை வேண்டுமென்றே அழித்தாள். சில நொடிகளில் புதுப் பெட்டி ஒன்று தானாக எழுந்தது. படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மேஸ்திரி வேலை செய்கிறார்.

இரண்டாவது சோதனை. கம்ப்யூட்டரை முறையாக அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, மறுபடி கொடுத்தாள். யாரும் பட்டனை அழுத்தாமலே லினக்ஸ் எழுந்தது. அதன் பின்னால் க்ளஸ்டர், அதன் பின்னால் நெக்ஸ்ட்கிளவுட். இதுவும் தேர்ச்சி. இணையம் இல்லாவிட்டாலும், கடைக்குள் படங்களைப் பார்க்க முடியும் என்பதும் தெரிந்தது.

மூன்றாவது, டிஸ்கே போய்விட்டால்? இதைச் சோதிக்கத் தேவையில்லை. மேஸ்திரியும் அந்த டிஸ்கில்தான், கணக்குப் புத்தகமும் அதில்தான், படங்களும் அதில்தான். எழுப்புவதற்கு எவரும் இருக்க மாட்டார்கள். செயலி விழுந்தால் தூக்கிவிடுவார் மேஸ்திரி. மேஸ்திரியே விழுந்தால் தூக்க ஆளில்லை.

"அப்ப அன்னைக்கும் அந்தப் படம் போயிருக்கும்" என்றார் சித்தப்பா.

"ஆமாம் சித்தப்பா. அதைக் காப்பாத்துறது க்ளஸ்டர் இல்லை. வெளியில இருக்கிற நகல்தான்."

இன்னொரு பொறியும் உண்டு. லோக்கல் பாத் ஒதுக்கும் இடம் இயல்பில் 'டெலீட்' என்ற விதியோடு வரும். 'எனக்கு இவ்வளவு இடம் வேண்டும்' என்ற கோரிக்கையைத் தெரியாமல் அழித்தால், அந்த இடத்தில் இருக்கும் படங்களும் சேர்ந்து அழிந்துவிடும். பழகும்போது 'அழித்துவிட்டு மறுபடி செய்யலாம்' என்று கை போகும். அதனால் முக்கியமான தரவு இருக்கும் இடத்தின் விதியை முதல் நாளே 'ரீட்டெய்ன்' என்று மாற்றிவிட வேண்டும்.

போட்டோகிராபர் சொன்ன கணக்கு

பேக்கப் உலகில் '3-2-1' என்று ஒரு விதி பிரபலம். அதைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்க போட்டோகிராபர். தரவுக்கு 3 பிரதிகள், 2 வேறு வகைச் சாதனங்களில், அதில் 1 வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில்.

கடைக்கு அவள் போட்ட திட்டமும் அதுதான். சர்வரில் ஒன்று. கடையிலேயே தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, நகல் எடுக்கும் நேரத்தில் மட்டும் செருகுவது. மூன்றாவது, புதுக்கோட்டை டவுனில் இருக்கும் அத்தை வீட்டு பீரோவில். மாதம் ஒருமுறை போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

எதையெல்லாம் நகல் எடுப்பது? படங்கள் மட்டும் போதாது. நெக்ஸ்ட்கிளவுட்டின் தரவுத்தளம் வேண்டும். எழுதிய யாமல் கோப்புகள் வேண்டும். கே3எஸ்-ஸை நிறுத்திவிட்டு அதன் கணக்குப் புத்தகம் இருக்கும் கோப்புறையை எடுக்க வேண்டும். கூடவே 'டோக்கன்' என்ற சாவிக் கோப்பையும் எடுக்க வேண்டும். சாவி இல்லாமல் கணக்குப் புத்தகத்தை மட்டும் எடுத்துவைத்தால் திரும்ப நிறுவும்போது மாட்டிக்கொள்ள நேரும்.

பாதுகாப்பும் முக்கியம். கடையில் இருப்பது ஊர்ப் பெண்களின், குழந்தைகளின் படங்கள். க்ளஸ்டரை நிர்வகிக்கும் 6443 என்ற வாசலை இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. நீளமான கடவுச்சொல், தவறாத அப்டேட் இரண்டும் கட்டாயம்.

இது எல்லோருக்கும் தேவையா?

ஒரு கடைக்கு, ஒரு வீட்டுக்கு நெக்ஸ்ட்கிளவுட் மட்டும் போதும் என்றால், குபர்நெட்டீஸே தேவையில்லை. லினக்ஸில் டாக்கரை வைத்து நேரடியாகவே ஓட்டலாம். பராமரிப்பும் குறைவு.

யாருக்கு ஒற்றை சர்வர் க்ளஸ்டர்? படிக்கும் பிள்ளைகளுக்கு. ஆயிரம் சர்வர் இருக்கும் நிறுவனத்தில் பயன்படும் அதே கட்டளைகளை, எடைக்குப் போகவிருந்த ஒரு பெட்டியில் காசு செலவில்லாமல் பழகலாம். உடைக்கலாம், திரும்பக் கட்டலாம். ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளை ஓட்ட நினைக்கும் பள்ளி, நூலகம், சிறு நிறுவனங்களுக்கும் உதவும். நாளைக்கு வளரவும் வழி இருக்கிறது. டோக்கனைக் கொடுத்து இன்னொரு கம்ப்யூட்டரை வேலையாளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நிர்வாகமே விழாமல் இருக்க வேண்டும் என்றால் நிர்வாகம் செய்யும் சர்வர்கள் மூன்றாவது வேண்டும். இரண்டு போதாதா? போதாது. எந்த முடிவுக்கும் பெரும்பான்மை வேண்டும் என்பது அங்கே விதி. இரண்டு பேரில் ஒருவர் போனால் மிச்சமிருப்பவர் பெரும்பான்மை ஆக மாட்டார். மூவரில் ஒருவர் போனாலும் இருவர் சேர்ந்து முடிவெடுக்கலாம். அப்போது எஸ்க்யூலைட் கணக்குப் புத்தகத்தை 'எட்சிடி' என்பதற்கு மாற்ற வேண்டும். கே3எஸ்-ஸில் அதற்கும் வழி உண்டு.

கடைசிச் சோதனை

விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தது. அண்ணன் மகள் தன் மடிக்கணினியில் லினக்ஸும் கே3எஸ்-ஸும் புதிதாக நிறுவினாள். கடையின் சர்வரை அணைத்து ஓரமாக வைத்துவிட்டாள்.

"இப்ப அந்தப் பெட்டி எரிஞ்சு போச்சுன்னு வச்சுக்குங்க சித்தப்பா. நம்மகிட்ட இருக்கிறது அத்தை வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்த டிஸ்க் மட்டும்தான்."

முதல் முயற்சியில் தரவுத்தளம் எழவில்லை. கடவுச்சொல் இருந்த ஒரு கோப்பை நகல் எடுக்க மறந்திருந்தாள். பழைய பெட்டி உயிரோடு இருந்ததால் அன்று பிழைத்தார்கள். அந்தக் கோப்பையும் பேக்கப் பட்டியலில் சேர்த்து, நகலைப் புதிதாக எடுத்து, முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டாவது முறை, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாம் எழுந்துவிட்டது.

"ஏதாவது ஒரு படம் கேளுங்க."

சித்தப்பா யோசிக்கவே இல்லை. "அப்பத்தாவோட எண்பதாவது பொறந்த நாளு."

தேடினாள். காதில் தண்டட்டி ஆட, பொக்கை வாயோடு அப்பத்தா திரையில் சிரித்தார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுவரில் தொங்கிய மாதக் காலண்டரை எடுத்து, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். 'நகல் எடு, திறந்து பார்' என்று பக்கத்தில் எழுதிவைத்தார்.